விளங்குதலை அளத்தல்: மொழியிழப்பு ஆய்வின் வரலாறும் யாழ்ப்பாணத் தமிழும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் முதியவர் ஒருவர் பாரிசவாதத்தால் வீழ்ந்து பேச்சிழந்து வீடு திரும்பும்பொழுது, அவ்வீட்டில் இரண்டு கூற்றுக்களுள் ஒன்று எழுவது வழக்கம். “அவருக்கு எல்லாம் விளங்குது, கதைக்கத்தான் ஏலாது” என்பது ஒன்று. “அவருக்கு அறிவு மாறிப்போச்சு” என்பது மற்றையது. முதலாவது அன்பினாற் பிறப்பது. இரண்டாவது சலிப்பினாற் பிறப்பது. இரண்டுமே பிழையாக இருத்தல் கூடும். நோயாளி ஒருவர் பிறர் பேச்சை எவ்வளவு விளங்கிக்கொள்கிறார் என்பதைக் கண்ணாற் கண்டு சொல்ல இயலாது; அதனை அளந்தே அறிதல் வேண்டும். அவ்வாறு அளக்கும் முயற்சிக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாறு தமிழை, சிறப்பாக யாழ்ப்பாணத் தமிழை, எவ்விடத்திற் சந்திக்கின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விரல்களாற் சொன்ன விடை

மூளையின் ஒரு பகுதி பழுதுறுவதால் முன்னர் கைவந்த மொழி குன்றுவதையே மொழியிழப்பு என்கிறோம். மேலைநாட்டார் இதனை அபேசியா என்பர். அப்பெயரை நிலைநாட்டியவர் பிரெஞ்சு மருத்துவர் துறூசோ, ஆண்டு 1864. எனினும் ஆய்வின் தொடக்கமாக யாவரும் கொள்வது 1861ஆம் ஆண்டையே. அவ்வாண்டு பாரிசு நகரையடுத்த பிசேத்திர மருத்துவமனையில், லெபோர்ஞ் என்னும் நோயாளியைப் போல் புறோக்கா என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் பரிசோதித்தார். அந்நோயாளி எதனை வினவினும் “தான்” என்னும் ஓரசையையே விடையாகத் தந்தார். அதனால் மருத்துவமனையில் அவருக்கு அதுவே பெயராயிற்று.

லெபோர்ஞ் பேச இயலாதவர் என்பது வெளிப்படை. ஆனால் அவருக்குப் பிறர் பேச்சு விளங்கியதா? அதனைப் புறோக்கா சோதித்த முறை எளியது. மருத்துவமனைக்கு வந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என வினவியபொழுது, நோயாளி ஒரு கையை நான்கு முறை விரித்து, பின்னர் ஒரு விரலைக் காட்டினார். இருபத்தொன்று என்பது விடை, அது சரியானது. இதனாலும் இவைபோன்ற பிறவற்றாலும், அவர் தமக்குச் சொல்லப்பட்டவற்றைப் பெரும்பாலும் விளங்கிக்கொண்டார் என்னும் முடிவுக்குப் புறோக்கா வந்தார். நோயாளி இறந்த பின்னர் மூளையை ஆராய்ந்து, இடப்புற முன்மடலின் ஒரு பகுதி சிதைந்திருத்தலைக் காட்டினார். உலகம் நினைவிற் கொண்டது அம்மூளைப் பகுதியையே. விளங்குதலை அறிய நோயாளியின் நாவை நம்பாது கையை நம்பிய அம்முறையும் அதற்குக் குறையாத முக்கியத்துவம் உடையது.

1874இல் ஜேர்மனியரான கார்ல் வேர்ணிக்கே, தம் இருபத்தாறாம் வயதில், இதன் மறுபக்கத்தை வெளியிட்டார். அவர் விவரித்த நோயாளிகள் தடையின்றிப் பேசினர். ஆனால் அப்பேச்சிற் பொருட்தொடர்பு இல்லை. பிறர் பேசியதும் அவர்களுக்கு விளங்கவில்லை. செவி கேட்டது, சொல் பொருளாக மாறவில்லை. இத்தகையோரைச் சித்தம் கலங்கியவர்கள் எனக் கொள்ளும் இடர் அன்றும் இருந்தது, இன்றும் உண்டு. பேசமாட்டாதவர் யாவும் விளங்கியவரும் அல்லர். பேசுபவர் யாவும் விளங்கியவரும் அல்லர். இவ்வுண்மை நிலைபெற்றதும், விளங்குதலைத் தனியே அளக்க வேண்டும் என்னும் தேவை பிறந்தது.

கட்டளைகளிலிருந்து அளவுகோலுக்கு

1906இற் பியேர் மாரி என்னும் பிரெஞ்சு மருத்துவர் கையாண்ட சோதனை இன்றும் பேசப்படுகின்றது. அளவில் வேறுபட்ட மூன்று கடதாசித் துண்டுகள் நோயாளியின் முன் வைக்கப்படும். பெரியதை மருத்துவரிடம் கொடுக்க வேண்டும். நடுத்தரமானதைக் கசக்கி எறிய வேண்டும். சிறியதைச் சட்டைப்பையில் இட வேண்டும். தனிக் கட்டளைகளை நிறைவேற்றும் பலர் இம்மூன்றையும் சேர்த்துச் சொன்னபொழுது தடுமாறினர். எளிய பேச்சு விளங்குவதனால் எல்லாப் பேச்சும் விளங்கும் என்று கொள்ளலாகாது என்பதை இச்சோதனை தெளிவாக்கிற்று.

முதலாம் உலகப் போரில் தலையிற் காயமுற்ற இளம் போர்வீரர்களை ஆராய்ந்த ஆங்கிலேய மருத்துவர் ஹென்றி ஹெட், 1926இல் வெளியிட்ட இரு பாகங்கொண்ட நூலில் ஒழுங்குபட்ட சோதனைத் தொடர்களை வகுத்தார். இடக்கையால் வலக்கண்ணைத் தொடுதல், வலக்கையால் இடச்செவியைத் தொடுதல் போன்றவை அவற்றுள் அடங்கும். ஒரே சோதனையைப் பல நாள்களில் மீண்டும் மீண்டும் செய்வித்து, நோயாளியின் விடை நாளுக்கு நாள் மாறுபடுதலை அவர் பதிந்தார். இரண்டாம் உலகப் போரில் இவ்வாறே காயமுற்ற சோவியத் வீரர்களை அலெக்சாந்தர் லூரியா ஆராய்ந்தார். “தந்தையின் சகோதரன்”, “சகோதரனின் தந்தை” என்னும் தொடர்களை வேறுபடுத்த இயலாத நோயாளிகளை அவர் கண்டார். சொற்கள் இரண்டும் அவர்களுக்கு விளங்கின. அச்சொற்களைப் பிணைக்கும் உறவே விளங்கவில்லை.

1962இல் இத்தாலியரான டி றென்சியும் விஞ்ஞோலோவும் வெளியிட்ட வில்லைச் சோதனை இத்துறையில் ஒரு திருப்பம் எனலாம். இரண்டு வடிவம், இரண்டு அளவு, ஐந்து நிறம் என இருபது வில்லைகள் நோயாளியின் முன் பரப்பப்படும். சிவப்பு வட்டத்தைத் தொடுமாறு கூறும் எளிய கட்டளையில் தொடங்கி, ஒன்றை மற்றொன்றின் மேல் வைக்குமாறும், ஒன்று இல்லையாயின் வேறொன்றை எடுக்குமாறும் கூறும் சிக்கலான கட்டளைகளில் அது முடியும். இச்சோதனையின் சிறப்பு, சூழலின் துணையை அது அறவே அகற்றுவதாகும். உணவு வேளையில் “சாப்பிட வாருங்கோ” என்று அழைத்தால் நோயாளி எழுந்து வருவார். அவர் சொல்லை விளங்கி வந்தாரா, சோற்றின் மணத்தையும் அழைப்பவரின் கையசைவையும் கண்டு வந்தாரா என்பது எவருக்கும் தெரியாது. வில்லைகளுக்கு மணமும் இல்லை, வேளையும் இல்லை. சொல் ஒன்றே வழிகாட்டும். 1978இல் டி றென்சியும் வேறொருவரும் இதனை முப்பத்தாறு கட்டளைகளாகச் சுருக்கினர்.

1972இல் அமெரிக்காவில் குட்கிளாசும் கப்லானும் வெளியிட்ட பொஸ்ரன் சோதனையும், 1982இல் கனடாவில் கேர்ட்டஸ் வெளியிட்ட சோதனைத் தொகுதியும் விளங்குதலைப் பல கூறுகளாகப் பிரித்து அளந்தன. கேர்ட்டசின் தொகுதியில் ஆம் அல்லது இல்லை என விடையிறுக்கும் இருபது வினாக்களும், சொல்லைக் கேட்டுப் பொருளைச் சுட்டும் பகுதியும், தொடர்க் கட்டளைகளும் உள்ளன. இவற்றிடையே 1976இற் கறமாசாவும் சூறிவ்வும் வெளியிட்ட ஆய்வு புறோக்காவின் முடிவையே திருத்திற்று. பேச்சுத் தடைப்பட்ட நோயாளிகள் “சிறுவன் மாம்பழத்தைத் தின்றான்” என்பது போன்ற தொடர்களை விளங்கிக்கொண்டனர். மாம்பழம் சிறுவனைத் தின்னாது என்பதை உலகறிவே சொல்லிவிடும். ஆனால் இருவருள் எவரும் எழுவாயாதல் கூடிய தொடர்களில் அவர்கள் இடறினர். அவர்கள் இலக்கணத்தை விளங்கியிருக்கவில்லை, பொருளை ஊகித்திருந்தனர். “எல்லாம் விளங்குது” என்னும் வீட்டாரின் கூற்று எவ்விடத்திற் பிழைக்கின்றது என்பதற்கு இவ்வாய்வு தக்க விடையாகும்.

மானிப்பாயும் மருத்துவத் தமிழும்

மருத்துவம் நோயாளியின் மொழியிலே நிகழ வேண்டும் என்னும் எண்ணம் யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. யாழ்ப்பாண அரசர் காலத்துடன் தொடர்புபடுத்தப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் தமிழிலே தோன்றியவை. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிசனரி மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்து மேலை மருத்துவத்தைத் தமிழ் மாணவர்க்குக் கற்பித்தார். 1860களில் ஆங்கிலத்தைக் கைவிட்டுத் தமிழையே பயிற்றுமொழியாக்கினார். அவரும் அவர்தம் மாணவரும் தமிழாக்கிய நூல்களுள் இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம் என்பன குறிப்பிடத்தக்கவை. 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் அவர் அப்பணியை விட்டாரல்லர், 1884இல் மறைந்தார்.

புறோக்காவும் வேர்ணிக்கேயும் ஐரோப்பாவில் மொழியின் இருப்பிடத்தை மூளையிலே தேடிய அதே காலப்பகுதியில், மானிப்பாயில் மூளைக்கும் நரம்புக்கும் தமிழ்ச் சொற்கள் தேடப்பட்டன என்பது சிந்திக்கற்பாலது. அவ்விரு முயற்சிகளும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. உடலுறுப்புக்களின் பெயர்களைத் தமிழாக்கலாம். ஆங்கிலேயரின் என்பும் தமிழரின் என்பும் ஒன்றே. ஆனால் மொழியிழப்பிற் பழுதுறுவது மொழியே ஆதலின், அதனை அளக்கும் சோதனையை மொழிபெயர்த்தல் இயலாது. அம்மொழிக்குள் நின்று புதிதாக ஆக்குதலே வேண்டும். கிறீன் மரபு விட்டுச் சென்ற பணியினும் கடினமான பணி இது.

எந்தத் தமிழில் அளப்பது?

முதலாவது சிக்கல் தமிழின் இருவடிவ நிலையாகும். எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் வேறுபட்டவை. ஏட்டுத் தமிழில் ஆக்கிய கட்டளையை நோயாளி நிறைவேற்றத் தவறின், அத்தவறு நோயினால் வந்ததா, பள்ளிப்படிப்புக் குறைந்ததனால் வந்ததா என்பது தெரியாது. செயப்பாட்டு வினை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆங்கிலச் சோதனைகளில் “நாய் பூனையால் துரத்தப்பட்டது” போன்ற அமைப்புக்கு முக்கிய இடம் உண்டு. யாழ்ப்பாணப் பேச்சில் அவ்வமைப்பு அரிது. அதனைக் கேட்பது நோயாளியின் வாசிப்புப் பழக்கத்தையே சோதிப்பதாகும். மாறாக, “நாயைப் பூனை துரத்துது”, “நாய் பூனையைத் துரத்துது” என்னும் தொடர்கள் நாளாந்தப் பேச்சுக்குரியவை. இரண்டிலும் நாயே முதலில் நிற்கின்றது. துரத்துவது எது என்பதை ஐயுருபு ஒன்றே காட்டுகின்றது. இலக்கணம் விளங்குகின்றதா என அறிய இத்தொடர்களே தக்கவை.

இரண்டாவது, தமிழ்நாட்டில் ஆக்கப்படும் சோதனையும் இங்கு அவ்வாறே பொருந்தாது. நாற்காலி என்பதனைக் கதிரை என்றும், சாவியைத் திறப்பு என்றும், கொசுவை நுளம்பு என்றும் வழங்கும் மக்களிடம் அச்சொற்களைக் கேட்டு விடை பெறல் முறையன்று. கோப்பை என்னும் சொல் தமிழ்நாட்டிற் குடிகலத்தையும், யாழ்ப்பாணத்திற் பெரும்பாலும் உண்கலத்தையும் குறிக்கும். படத்திலே தட்டைச் சுட்டிய யாழ்ப்பாணத்தவர், அந்நாட்டு அளவுகோலின்படி தவறியவர் ஆவார்.

ஒலிகளிலும் வேறுபாடு உண்டு. ஒத்த ஒலியுடைய சொற்களுக்குரிய படங்களை முன்வைத்து ஒன்றைச் சுட்டுமாறு கேட்பது சோதனைகளில் வழக்கம். ஆங்கிலத்தில் வல்லொலி, மெல்லொலி வேறுபாட்டால் இத்தகைய சோடிகள் அமைக்கப்படும். தமிழில் அதற்குப் பதிலாகக் கல் – கால், பல் – பால் எனக் குறில் நெடிலும், வால் – வாள் என லகர ளகரமும் பயன்படும். ஆனால் வாழை – வாளை என்னும் சோடி இங்கு உதவாது. யாழ்ப்பாணப் பேச்சில் ழகரம் ளகரமாகவே ஒலித்தலால், மரத்தையும் மீனையும் நோயற்றவரும் செவியாற் பிரித்தறியார். மறுபுறம், குத்தி, குற்றி, குட்டி என்னும் மூன்றும் இங்கு மூன்று ஒலிகளாகவே நிலைத்துள்ளன. றகர இரட்டையைத் தகரமாக ஒலிக்கும் தமிழ்நாட்டு வழக்குகளில் இம்மூன்றில் இரண்டு ஒன்றாகிவிடும்.

இவற்றினும் சிறந்த எடுத்துக்காட்டு சுட்டுப்பெயராகும். தொல்காப்பியம் அ, இ, உ என மூன்று சுட்டுக்களைக் கூறும். தமிழ்நாட்டுப் பேச்சில் உகரச் சுட்டு வழக்கொழிந்தது. யாழ்ப்பாணத்தில் அது உயிருடன் உள்ளது. “இந்தப் பேனையை எடுங்கோ”, “உந்தப் பேனையை எடுங்கோ”, “அந்தப் பேனையை எடுங்கோ” என்னும் மூன்றும் மூன்று வெவ்வேறு கட்டளைகள். உந்த என்பது கேட்பவருக்கு அண்மையில் உள்ளதைச் சுட்டும். ஒரே பொருளில் மூன்றை மேசை மீது வைத்து இவற்றைச் சொல்லிப் பார்த்தால், ஆங்கிலச் சோதனை எதனாலும் காண இயலாத ஓர் ஆற்றலைக் காணலாம்.

லூரியாவின் உறவுத் தொடரும் இங்கு வேறு வடிவம் கொள்கின்றது. தந்தையின் சகோதரன் என்பதனைத் தமிழர் தொடராகச் சொல்வதில்லை. பெரியப்பா, சித்தப்பா, குஞ்சியப்பா என ஒற்றைச் சொல்லாற் சொல்வர். உருசிய மொழியில் இலக்கண வினாவாக இருந்தது தமிழிற் சொல்லறிவு வினாவாகிவிடும். கேர்ட்டசின் வினாக்களுள், யூலை மாதத்திற் பனி பொழியுமா என்பதும் ஒன்று. கனடாவில் அது பருவத்தைப் பற்றிய வினா. உறைபனி எம்மாதத்திலும் காணாத யாழ்ப்பாணத்தில், பனி என்பது மார்கழி, தை மாதங்களின் விடியற்காலைப் பனித்துளி. “இல்லை” என்னும் விடை இரண்டிடத்தும் ஒன்றாயினும் வினா ஒன்றன்று.

கட்டளை இடும் முறையும் நோக்கற்பாலது. “இரு”, “இரும்”, “இருங்கோ” என மதிப்பின் படிகளை வினைமுற்றிலே காட்டும் சமூகம் இது. இளம் பரிசோதகர் ஒருவர் ஏட்டிலுள்ளபடி “எடு”, “வை” என முதியவரை ஏவினால், அவர் பேசாதிருத்தல் விளங்காமையாலா, அவமதிப்பாலா என அறிதல் அரிது. தலையசைப்பும் இவ்வாறே. ஆம் என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டும் வழக்கத்தைப் பிறநாட்டு அளவுகோல் மறுப்பாகப் பதிந்துவிடக் கூடும். எனவே “ஓம்” என்னும் சொல்லோ, முன்னரே உடன்பட்ட வேறு குறியோ வேண்டும். செவிப்புலன், பார்வைப்புலன், கையின் இயக்கம் ஆகியன முதலிற் சோதிக்கப்படல் வேண்டும் என்பதும் இன்றியமையாதது. வலக்கை இயங்காதவரிடம் வலக்கையால் எடுக்குமாறு கேட்டல் மொழிச் சோதனை ஆகாது.

யாழ்ப்பாணப் பேச்சை ஆராயத்தக்க மொழியாகக் கொள்ளும் மரபு இங்கு இல்லாமலில்லை. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இல் வெளியிட்ட நானாடகம் இப்பேச்சு வழக்கை நாடக மேடைக்கும் அச்சுக்கும் உரியதாக்கிற்று. பேராசிரியர் சு. சுசீந்திரராசா இதன் ஒலியமைப்பையும் இலக்கணத்தையும் மொழியியல் முறையில் விவரித்தார். அவர்தம் ஆய்வுகள் மருத்துவத்தை நோக்கி எழுந்தவையல்ல. எனினும் மருத்துவமனைக்கு வேண்டிய அளவுகோலின் மூலப்பொருள் அங்கேயே உள்ளது.

உறுதியும் ஒப்புதலும்

இவை புலமைக்குரிய நுணுக்கங்கள் மாத்திரம் எனக் கருதல் தவறாகும். சீதனத்தாலும் முதுசத்தாலும் காணி கைமாறும் நாடு யாழ்ப்பாணம். 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமை இவற்றை இன்றும் ஒழுங்குபடுத்துகின்றது. நோயுற்ற முதியவர் முன் நொத்தாரிசு உறுதியை வாசித்து விளக்கும்பொழுது, அவர் “ஓம்” என்றால் அது சம்மதமாகின்றது. ஆனால் எதனைக் கேட்டாலும் “ஓம்” என்று மாத்திரம் சொல்லக்கூடிய நோயாளிகள் உளர். லெபோர்ஞ்சுக்குத் “தான்” என்பது போல இவர்களுக்கு “ஓம்” என்பது எஞ்சிய ஒரு சொல். அதனைச் சம்மதமாகக் கொள்ளின் அவர் உடைமையை இழப்பார். மறுபுறம், பேச இயலாத ஒருவரை அறிவிழந்தவர் என ஒதுக்கின், யாவும் விளங்கியிருக்கும் ஒருவர் தம் வீட்டைப் பற்றிய முடிவில் தாமே இல்லாதவராகின்றார். சத்திரசிகிச்சைக்கு ஒப்புதல் பெறுதலும் இத்தகையதே. “இந்தக் காணி மூத்த மகளுக்கோ?” என வினவி “ஓம்” பெற்ற பின்னர், “இளைய மகளுக்கோ?” எனவும் வினவுதல் வேண்டும். இரண்டுக்கும் ஒரே விடை வரின், அவ்விடை விடையன்று.

ஒரு மொழியிற் சோதித்து நிறைவுறலும் ஆகாது. ஆங்கிலத்திற் கற்று, தமிழில் வாழ்ந்து, தெற்கிற் சிங்களத்திற் பணியாற்றிய தலைமுறை இங்கு உண்டு. பல மொழி அறிந்தோர் எல்லா மொழிகளையும் ஒரே அளவில் இழப்பதோ மீளப் பெறுவதோ இல்லை என்பதைப் பித்திறே 1895இலேயே ஆராய்ந்தார். 1987இல் மொன்றியலில் மிசேல் பறடி வெளியிட்ட இருமொழிச் சோதனை, நோயாளி அறிந்த ஒவ்வொரு மொழியும் தனித்தனியே சோதிக்கப்படல் வேண்டும் என்பதனையும், ஒரு மொழிச் சோதனை மற்றதன் மொழிபெயர்ப்பாக அன்றி அதற்கு நிகரானதாக அமைதல் வேண்டும் என்பதனையும் நெறியாகக் கொண்டது.

இந்தியாவில் 1965இல் மைசூரில் நிறுவப்பட்ட அகில இந்திய பேச்சு, செவிப்புல நிறுவனத்தின் வழியாகக் கன்னடம் முதலிய மொழிகளுக்குத் தனிச் சோதனைகள் தோன்றின. இலங்கையில் பேச்சு மொழிச் சிகிச்சைப் பயிற்சி களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் 1990களின் பிற்பகுதியில் தொடங்கிப் பின்னர் பட்டக் கற்கையாக வளர்ந்தது. எனினும் தமிழிற் பணிபுரிவோர் தேவையிலும் மிகக் குறைவு. 1983 முதல் 2009 வரை நீடித்த போர், பாரிசவாதத்தால் மொழியிழந்தோருடன் தலையிற் காயமுற்றோரையும் சேர்த்துவிட்டது. ஹெட்டும் லூரியாவும் தத்தம் நாட்டுப் போர்க்காயத்திலிருந்து அறிவை ஆக்கினர். இங்கு காயம் எஞ்சிய அளவுக்கு அறிவு எஞ்சவில்லை.

யாழ்ப்பாணத்தில் 1974இல் வளாகம் தோன்றியது. 1978இல் மருத்துவ பீடம் தொடங்கியது. ஒரே பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் மொழியியலும் தமிழும் கற்பிக்கப்படுகின்றன. யாழ்ப்பாணத் தமிழில் ஒரு விளங்குதற் சோதனையை ஆக்குதற்கு வேண்டிய துறைகள் யாவும் சில கட்டிடங்களின் இடைவெளியில் உள்ளன. கலைப்பீட மாணவர் சொற்களையும் தொடர்களையும் ஊர் ஊராகத் தொகுக்கலாம். நோயற்ற முதியோரிடம், கற்றோரிடமும் கல்லாதோரிடமும், அவற்றைச் சோதித்து இயல்பான அளவைக் காணலாம். மருத்துவ மாணவர் அதனை நோயாளியிடம் கொண்டு செல்லலாம். யாழ்ப்பாணத்தார் அறிதலைக் குறிக்க வழங்கும் சொல் விளங்குதல் என்பது. அச்சொல்லுக்கு ஒளிர்தல் என்றும் பொருளுண்டு. பேச்சிழந்த ஒருவரிடத்தில் அவ்வொளி எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதை அவருடைய மொழியிலேயே வினவி அறிதல், அவரை மீண்டும் வீட்டின் பேச்சுக்குள் அழைப்பதன் முதற்படியாகும்.